மைசூர் தசரா: அரண்மனைக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை!

தசரா விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? பெங்களூரில் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரின் கவலை இது. அவர்களுக்கு ஏற்ற ஊர் மைசூர். ரெயிலில் சுமார் 140 கிலோ மீட்டர்தான்.

பகலில் மிருகக்காட்சி சாலை பார்க்கலாம். இது 1892-ல் தொடங்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை வழக்கமாக விடுமுறை. பிருந்தாவன நீரூற்றுக்கு இன்னொரு மாலையை ஒதுக்குவது நல்லது. ஒரே மாலையில் இரண்டு இடத்துக்கு ஓடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

பழைய அரண்மனை 1897-ல் தீக்கு இரையானது. இப்போது உள்ளது 1912-ல் கட்டி முடிக்கப்பட்டது. மன்னர் தர்பாரில் ஒலித்த இசையை, தசரா மாலைகளில் இதன் முன்னே யாரும் இலவசமாகக் கேட்கலாம். பாட்டு நடந்து கொண்டிருக்கும்போதே சுமார் 1 லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரியும். குழந்தைகள் கைதட்டி ஆர்ப்பரிப்பார்கள்!

விஜயதசமி அன்று யானை ஊர்வலம். மன்னர் அமர்ந்து வந்த 750 கிலோ தங்க அம்பாரியில் இப்போது சாமுண்டீஸ்வரி அம்மன் பவனி வருகிறாள். நாற்காலிக்குத்தான் டிக்கெட், சாலை ஓரம் நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

கூட்டம் அலைமோதும். விலாசம் எழுதிய சீட்டு ஒன்று பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கட்டும்.