தந்தையாரின் பால்வெட்டுக் கத்தி

மலேசியத் தோட்டப்புறத் தமிழர் வாழ்வை ஆராய்வோர் சம்பளப் பதிவேடுகளுக்குத் தந்த கவனத்தைப் பால்வெட்டுக் கத்திக்குத் தந்ததில்லை என்பது எமது கருத்து. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி உருவாக்கிய முறையே இக்கத்தியின் தொழிலுக்கு அடிப்படையாகும். ரப்பர் மரத்தைக் கொத்தாமல், முன்னைய வெட்டின் விளிம்பிலேயே பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஒவ்வொரு முறையும் சீவப்படுவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளிருக்கும் வளர்படலத்தைக் கூர்முனை தீண்டலாகாது; தீண்டினால் மரம் புண்படும், புதுப்பட்டை முடிச்சுமுடிச்சாக வளரும். விடியுமுன், நெற்றிவிளக்கின் ஒளியில் செய்யும் வேலை இது.

ஆகவேதான் எம் வீட்டில் அக்கத்தியைத் தந்தையாரன்றி எவரும் தொட்டதில்லை. அம்மா அதைக்கொண்டு ஒரு கயிற்றைக்கூட அறுத்ததில்லை. மாலைதோறும் தீட்டுக்கல்லில் நீர் தெளித்து அவர் கூர்தீட்டும் ஓசையினூடேதான் நாம் வாய்ப்பாடு ஒப்பித்தோம். ஆயுத பூசையன்று சந்தனமிட்ட அக்கத்தியின் அருகில் எம் பள்ளி நூல்களையும் அவரே அடுக்குவார். கத்தியைப் பிடிக்கும் முறையை மட்டும் அவர் எமக்குக் கற்பிக்கவில்லை. அது மறதியன்று.

தோட்டம் செம்பனைக்கு மாறிப் பல்லாண்டுகளாகின்றன. இன்று கத்தி எமது அலுவலக மேசையில் உள்ளது. கூர் எப்பக்கம் என வினவும் மாணவருக்குக் காட்ட முடிகிறது. சீவிக் காட்ட இயல்வதில்லை.