இடிதாங்கி இருக்கின்றதே, இன்னும் என்ன?

ஐப்பசி மாதத்து இரவொன்றில் எங்கள் ஊரைப் பேரிடி ஒன்று குலுக்கியது. எந்த வீட்டின் மீதும் அது விழவில்லை. ஊருக்கு வெளியே வயல்வெளியில் செல்லும் மின்கம்பிகளின் அருகே விழுந்தது. ஆயினும் பொழுது விடிந்தபோது எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் தொலைக்காட்சி உயிரிழந்து கிடந்தது. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் போயிற்று. வளைகுடாவில் மகன் பட்ட பாட்டின் பலன் அது. பள்ளிவாசலின் ஆம்பிளிஃபயரும் கருகிவிட்டதால், அன்று சுப்ஹு பாங்கு ஒலிபெருக்கியின்றியே ஒலித்தது. “மினாராவின் உச்சியில் இடிதாங்கி இருக்கின்றதே, பிறகு எப்படி?” என்று ஜமாஅத்தார் வியந்தனர்.

வாசகர்களே, இதே கேள்வி உங்கள் ஊரிலும் எழுந்திருக்கக் கூடும். இதற்கு விடை காண்போமாயின், நம் வீட்டிற்கும் பள்ளிவாசலுக்கும் ‘சர்ஜ் புரொடெக்டர்’ எனப்படும் மின்னெழுச்சித் தடுப்பான் தேவையா, இல்லையா என்பதும் தானே விளங்கிவிடும்.

மின்னெழுச்சி என்றால் என்ன?

மின்கம்பியின் மீதோ அதன் அருகிலோ மின்னல் விழும்போது, கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் திடீரென எழுகின்றது. விநாடியின் மிகச் சிறு பங்கே அது நீடிக்கின்றது. ஆனால் அந்த நேரமே போதுமானது. 230 வோல்ட்டில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவை 2500 வோல்ட் எழுச்சி வரை தாங்கும்படி அமைக்கப்படுகின்றன. நுண்மின் கருவிகளுக்கு 1500 வோல்ட்டே எல்லை. அதற்கு மேல் வந்தால் காப்புறை துளைபட்டுக் கருவி அழிகின்றது.

ஃபியூஸும் எம்.சி.பி.யும் இதைத் தடுப்பதில்லை. அவை விழித்துக்கொள்ளுமுன் எழுச்சி வந்து போய்விடும். ஆர்.சி.சி.பி. மனிதரை மின்னதிர்ச்சியிலிருந்து காப்பதற்குரியது. ஸ்டெபிலைசரோ மெல்ல ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சீராக்குவதற்குரியது. ஒவ்வொன்றிற்கும் அதனதன் வேலை உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை.

இடிதாங்கியும் அவ்வாறே. அது காப்பது கட்டடத்தை. மினாராவில் மின்னல் விழுந்தால் அந்த மின்னோட்டத்தைத் தரைக்குள் இறக்கிவிடுகின்றது. ஆனால் இறங்கும் அந்தக் கணத்தில் அங்குள்ள எர்த்தின் மின்னழுத்தமே பல்லாயிரம் வோல்ட் உயர்ந்து, மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பி வழியே கட்டடத்தின் வயரிங்கிற்குள் ஏறிவிடும். ஆதலால் இடிதாங்கி உள்ள கட்டடத்திற்கு எழுச்சித் தடுப்பான் வேண்டாம் என்பது தவறு. அங்குதான் அது கட்டாயம் வேண்டும். அதுவும் ‘டைப் 1’ என்னும் வலிய வகையே வேண்டும். இடிதாங்கியின் எர்த்தும் மின்னிணைப்பின் எர்த்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருத்தலும் அவசியம்.

முடிவு செய்வது எவ்வாறு?

முதற் கேள்வி: மின்கருவி பழுதானால் இழப்பது எதை? பிரிட்டனின் மின்பணி விதிமுறையான பி.எஸ். 7671, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேருமெனில், பாதுகாப்பு ஏற்பாடுகள் செயலிழக்குமெனில், பெரும் பொருளிழப்போ தகவலிழப்போ ஏற்படுமெனில், தடுப்பான் கட்டாயம். ஏனைய இடங்களில், அந்த இழப்பைத் தாம் தாங்கிக்கொள்வதாக உரிமையாளர் அறிவித்தாலன்றி, பொருத்தியே ஆக வேண்டும். நம் வீட்டிற்கும் இந்த அளவுகோல் பொருந்தும். மூச்சுத் திணறும் முதியவருக்காக ஆக்சிஜன் கருவி ஓடும் வீடாயின், இரண்டாவது கேள்விக்கே இடமில்லை.

இரண்டாவது கேள்வி: மின்சாரம் எவ்வழியே வருகின்றது? இடி எத்தனை நாள் இடிக்கின்றது? இதற்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு கணக்கைத் தந்துள்ளது. வீட்டை நோக்கி வரும் மின்பாதையின் கடைசி 1 கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டிற்கு வரும் பாதை மேலே செல்லும் கம்பியாயின் அதன் நீளத்தை 2ஆலும், தரைக்கடிக் கேபிளாயின் 1ஆலும் பெருக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பாலுள்ள உயரழுத்தப் பாதை மேலே செல்வதாயின் 0.4ஆலும், தரைக்கடியில் செல்வதாயின் 0.2ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். ஓராண்டில் இடியோசை கேட்கும் நாள்களைப் பத்தால் வகுத்து, வரும் எண்ணால் அந்தத் தொகையைப் பெருக்குங்கள். இறுதியாக, கிராமமும் புறநகரும் ஆயின் 85ஐ, நகரமாயின் 850ஐ அதனால் வகுங்கள். விடை 1000க்குக் குறைந்தால் தடுப்பான் தேவை.

ஆண்டில் 40 நாள் இடி கேட்கும் கிராமத்தைக் கொள்வோம். 400 மீட்டர் தெருக்கம்பி, 600 மீட்டர் உயரழுத்தக் கம்பி, இரண்டும் மேலே செல்பவை. 0.8உம் 0.24உம் சேர்ந்து 1.04, நான்கால் பெருக்க 4.16, 85ஐ அதனால் வகுக்க ஏறத்தாழ 20. ஆயிரம் எங்கே, இருபது எங்கே! அதே அளவு இடி கேட்கும் நகரத்தில், அதே தூரம் முழுவதும் தரைக்கடியில் வந்தாலும் விடை ஏறத்தாழ 409தான். பெரும்பாலும் இடி அரிதான நாடுகளில்தான் விடை ஆயிரத்தைத் தாண்டும்.

பொருத்துமுன் கவனிக்க

முதலில் எர்த். காய்ந்து துருப்பிடித்த எர்த்தின் மீது எத்துணை விலையுயர்ந்த தடுப்பானைப் பொருத்தினும் பயன் சிறிதே. இடிதாங்கியில்லாத சாதாரண வீட்டிற்கு மெயின் போர்டில் ‘டைப் 2’ பொதுவாகப் போதும். அதை இணைக்கும் கம்பிகளின் மொத்த நீளம் அரை மீட்டரைத் தாண்டலாகாது. எழுச்சியின்போது 1 மீட்டர் கம்பியிலேயே ஏறத்தாழ 1000 வோல்ட் கூடிவிடும். போர்டிலிருந்து 10 மீட்டருக்கு அப்பாலுள்ள நுண்மின் கருவிக்கு, அதன் அருகிலேயே இன்னொன்று வேண்டியிருக்கும். கேபிள் டி.வி., தொலைபேசி ஆகியவற்றின் செப்புக் கம்பிகளும் மின்னலுக்கு வாசல்களே என்பதை மறவாதீர்கள்.

தடுப்பானும் தேயும் பொருளே. அதன் சிறு சாளரம் பச்சையிலிருந்து சிவப்பாக மாறினால், அது தன் கடமையை முடித்துக்கொண்டது என்று பொருள், உடனே மாற்றுங்கள். இன்னொன்றும் அறிக: நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரை நெடுநேரம் பாயும் விபத்தை இது தடுக்காது. அதற்கு மிகையழுத்தத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வேறு கருவி உண்டு.

எங்கள் பள்ளிவாசலில் அடுத்த மாதமே எர்த்தைப் புதுப்பித்து, இடிதாங்கியோடு பிணைத்து, டைப் 1 தடுப்பானைப் பொருத்தினோம். புது ஆம்பிளிஃபயர் அதன் பின்னரே வாங்கப்பட்டது. வாசகர்களே, அடுத்த மழைக்காலத்திற்கு முன் உங்கள் மெயின் போர்டைத் திறந்து காட்டச் சொல்லி ஒருமுறை பாருங்கள். எரிந்த பின் வாங்குவது கருவியை மட்டுமே. எரியுமுன் யோசித்தால் உழைப்பும் மிஞ்சும்.