அயல்நாட்டுப் பென்சில், உள்ளூர் மண்

நூறு ஆண்டுகளாக இந்திய நகரங்களுக்கு வெளிநாட்டு நிபுணர்கள் வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்கள். சில நிலைத்தன, சில கலைந்தன. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

எம்டன் என்ற பெயரைச் சென்னை இன்னும் மறக்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் போர்க்கப்பல் அது. அடுத்த மாதமே அது மினிக்காய்த் தீவுப் பக்கம் 'கிளான் கிராண்ட்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த ஒரு விசித்திரச் சரக்கும் அதோடு கடலுக்குள் போனது. உலக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் நிறைந்த கண்காட்சி அது. ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெடஸ் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்தது.

சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் வேறு கப்பலில் வந்து சேர்ந்திருந்த கெடஸ், கலங்கிப்போய்த் திரும்பிவிடவில்லை. நண்பர்கள் புதிதாகப் படங்களைச் சேர்த்து அனுப்ப, 1915-ன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே விட்டது. நகரமைப்பில் இந்தியா கண்ட சர்வதேச ஒத்துழைப்பின் கதை இப்படி ஒரு கப்பல் சேதத்தோடுதான் தொடங்குகிறது.

பிறகு கெடஸ் செய்தது எளிமையான காரியம்: நடந்தார். தஞ்சாவூர், மதுரை என்று மாகாணத்தின் ஊர்களில் தெருத் தெருவாக நடந்து அறிக்கைகள் எழுதினார். நெரிசல் என்றால் இடி, நேராக ஓர் அகலச் சாலை போடு என்பதே அன்றைய பொறியாளர்களுக்குத் தெரிந்த வைத்தியம். அடிப்படையில் உயிரியல் விஞ்ஞானியான கெடஸ் நகரத்தை உயிருள்ள உடலாகப் பார்த்தார். பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, அங்கே மரம் நட்டு, குளத்தைத் தூர் வாரி, மற்ற வீடுகளை அப்படியே விட்டுவிடலாம் என்றார். சிக்கனமான அறுவை சிகிச்சை. செலவும் குறைவு, வீடு இழப்போரும் குறைவு.

இந்தூரில் அவர் ஒரு படி மேலே போனார். பிளேக் பரவியிருந்த நேரம். மகாராஜாவிடம் ஒரு நாள் அதிகாரம் கேட்டு வாங்கிக்கொண்டு, தீபாவளி ஊர்வலத்தின் வழியை மாற்றினார். எந்தத் தெருவின் வீடுகள் சுத்தமாக இருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவிப்பு. ஊரே துடைப்பத்தைக் கையில் எடுத்தது. ஊர்வலத்தில் பிளேக்கின் அடையாளமாக ஒரு பிரம்மாண்ட எலியும் வந்தது. வெளிநாட்டு நிபுணர் சொன்னார், ஊர் செய்தது. இந்த இரண்டாவது பாதிதான் பிற்பாடு அடிக்கடி காணாமல் போனது.

மஞ்சள் காமாலையும் மாஸ்டர் பிளானும்

சுதந்திரத்துக்குப் பிறகு ஒத்துழைப்பின் முகம் மாறியது. சண்டிகருக்கு முதல் வரைபடம் போட்டது அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் அவரது சகா மாத்யூ நோவிக்கியும். 1950-ல் விமான விபத்தில் நோவிக்கி இறந்ததும், அடுத்த ஆண்டு பொறுப்பு லெ கார்புசியே குழுவிடம் போனது.

மேயரின் பெயர் டெல்லியிலும் இருக்கிறது. 1955 முடிந்து 1956 பிறந்த வாரங்களில் தலைநகரில் சுமார் 29,000 பேரை மஞ்சள் காமாலை தாக்கியது. குடிநீருக்காக யமுனையிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்ததே காரணம். திட்டமில்லாமல் வீங்கும் நகரத்துக்குக் கடிவாளம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஃபோர்டு பவுண்டேஷன் பணமும் ஆட்களும் தந்தது. மேயர் தலைமையிலான ஆலோசகர்கள் இந்திய நிபுணர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1962 செப்டம்பரில் டெல்லியின் முதல் மாஸ்டர் பிளான் அமலுக்கு வந்தது.

அந்தத் திட்டத்தைக் குறை மட்டும் சொல்வது நியாயமல்ல. டெல்லியின் பசுமைப் பகுதிகளில் பலவற்றுக்கு அது காப்பு. ஆனால் அதன் இதயத்தில் இருந்த விதி மேற்கத்திய நகரங்களில் வளர்ந்தது: வீடு இங்கே, கடை அங்கே, பட்டறை வேறெங்கோ. கீழே கடை, மாடியில் குடும்பம் என்று வாழ்ந்த பழைய டெல்லிக்கு இந்தப் பிரிவினை புரியவே இல்லை. நகரம் தன் போக்கில் வளர்ந்தது, விதி தன் போக்கில் தாளில் இருந்தது.

இரண்டும் மோதிய ஆண்டு 2006. குடியிருப்புப் பகுதிகளில் இயங்கும் கடைகளுக்கு சீல் வைக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட, வியாபாரிகள் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பரில் சீலம்பூரில் நடந்த கலவரத்தில் உயிர்கள் பறிபோயின. கடைசியில் அரசே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களில் கடைகளை அனுமதிக்க நேர்ந்தது. திட்டத்தின் காவலரான டெல்லி வளர்ச்சி ஆணையத்தை நடத்துவது மத்திய அரசு. தலைவர் துணைநிலை ஆளுநர். தெருவில் கடை வைத்திருப்பவரின் ஓட்டுக்கு அங்கே நேரடி வேலை இல்லை.

காலி மனையில் முளைத்த ஊர்

கல்கத்தாவிலும் நோய்தான் கதவைத் தட்டியது. காலராவை ஆராய 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வந்தது. 1961-ல் பெருநகரத் திட்ட அமைப்பு பிறந்தது. ஃபோர்டு பவுண்டேஷன் ஆலோசகர்களோடு உருவாக்கிய திட்டம் 1966-ல் வெளியானது.

சென்னையில் உலக வங்கி வேறு வழியைச் சோதித்தது. 1977-ல் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனை, சாலை, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மட்டும் தரப்பட்டன. வீட்டை அவரவர் சக்திக்கேற்ப அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் மனைகள் நிறைய நாள் காலியாகக் கிடந்தன. திட்டம் தோல்வி என்றே பேச்சு. இப்படிப்பட்ட திட்டங்களை உலகெங்கும் மெல்லக் கைவிட்ட உலக வங்கியின் ஆய்வாளர்கள், இருபது ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அசந்துபோனார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர், சொந்த வீட்டுக்காரர், ஏழை, நடுத்தர வர்க்கம் என்று கலந்து வாழும் உயிருள்ள பேட்டைகள் அங்கே இருந்தன. 2018-ல் வெளியான அவர்களது ஆய்வு, தோல்வி என்று கருதியது வெற்றியே என்று ஒப்புக்கொண்டது. வரைபடத்தில் பாதியை மட்டும் போட்டுவிட்டு மீதியைக் குடியிருப்பவர்களிடம் விட்டதுதான் ரகசியம்.

அமராவதியின் பாடம்

இந்த நூற்றாண்டின் பெரிய சோதனை, பழைய சென்னை மாகாணத்தின் குண்டூர் மண்ணிலேயே நடக்கிறது. 2014-ல் ஆந்திரம் பிரிந்ததும் புதிய தலைநகருக்கு சிங்கப்பூர் கை கொடுத்தது. வரைபடத்தை அந்நாட்டு நிறுவனங்களே தயாரித்தன. 29 கிராமங்களில் 25,000-க்கும் மேற்பட்ட விவசாயிகள் சுமார் 33,000 ஏக்கரை ஒப்படைத்தார்கள். பதிலுக்கு, வளரப்போகும் நகரத்தில் மனையும் பத்தாண்டுகளுக்கு ஆண்டுத்தொகையும் தருவதாக வாக்குறுதி. நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய்.

2019-ல் ஆட்சி மாறியது. ஜூலையில் உலக வங்கியின் கடன் திட்டம் கைவிடப்பட்டது. நவம்பரில் சிங்கப்பூர் நிறுவனங்களுடனான ஒப்பந்தம் ரத்தானது. டிசம்பரில் மூன்று தலைநகர் யோசனை. சிங்கப்பூர்க்காரர்கள் ஊர் திரும்ப முடிந்தது. நிலத்தைக் கொடுத்தவர்களுக்குத் திரும்ப இடமில்லை. உயர் நீதிமன்றத்திலிருந்து திருப்பதி தேவஸ்தானம் வரை அவர்கள் 2021-ல் பாதயாத்திரை போனார்கள். 2024-ல் மீண்டும் ஆட்சி மாறியது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் தலா சுமார் 80 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தன. 2025 மே 2 அன்று பிரதமர் பணிகளை மறுபடியும் தொடங்கி வைத்தார்.

ஆக, வெளிநாட்டு அறிவு வேண்டுமா வேண்டாமா என்பது தவறான கேள்வி. நோயும் வெள்ளமும் எல்லை பார்ப்பதில்லை. கடல்மட்டம் உயரும் காலத்தில் ஒரு நகரம் கற்றது இன்னொரு நகரத்துக்கு நிச்சயம் உதவும். கேட்க வேண்டிய கேள்வி, ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்துப் போடுவது யார் என்பதுதான்.

அரசியல் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1993-ல் அமலான 74-வது திருத்தம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரப் பகுதிகளில் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரை உள்ளாட்சிப் பிரதிநிதிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். கொல்கத்தாவில் 2001-ல் குழு வந்தது. பல நகரங்களில் அது பெயருக்கு இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. அதனால் வெளிநாட்டு விருந்தாளி கைகுலுக்குவது முதல்வரோடும் அதிகாரிகளோடும்தான். அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்தால் வரைபடமும் எழுந்து போய்விடுகிறது.

தேர்தலுக்குத் தேர்தல் நகரத்தை இடம் மாற்ற முடியாது. அமராவதியில் பொக்லைன்கள் திரும்பி வந்துவிட்டன. வயலைக் கொடுத்துவிட்டு மனைக்காகக் காத்திருக்கும் விவசாயியின் பெயர், அடுத்த ஒப்பந்தத்தில் வெறும் பயனாளிப் பட்டியலில் இருக்குமா, முடிவெடுப்பவர்கள் பட்டியலில் இருக்குமா? இந்த வரைபடத்தின் ஆயுள் அதைப் பொறுத்தது.