எந்திரனும் தேவசாயலும்: திரையரங்கின் கைதட்டலைக் குறித்துச் சில சிந்தனைகள்

அறிவியல் புனைகதை என்னும் இலக்கிய வகையின் தாய் என்று பலரும் கருதுகிற நூல், 1818ஆம் ஆண்டில் மேரி ஷெல்லி எழுதி வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆகும். பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உயிரூட்டிய ஓர் இளம் விஞ்ஞானி, தான் ஆக்கியதைக் கண்டு அருவருத்து ஓடிப்போவதும், கைவிடப்பட்ட அவ்வுயிர் அவனைத் துரத்துவதுமே அதன் கதை. 1931இல் ஜேம்ஸ் வேல் என்பார் இதனைத் திரைப்படமாக எடுத்தபோது எழுந்த எதிர்வினைகள் இருவகைப்பட்டன. கடவுளாயிருப்பது எப்படிப்பட்டது என்று இப்போது தனக்குத் தெரியும் என விஞ்ஞானி கூவும் இடத்தைத் தணிக்கையாளர் பொறுக்கவில்லை. பின்னர் படம் மறுவெளியீடு கண்டபோது அவ்வசனத்தின்மேல் இடியோசையை ஏற்றி மறைத்தனர். பொதுமக்களோ இந்தத் தேவதூஷணத்தைப் பெரிதாக எண்ணவில்லை. அவர்கள் செய்தது வேறு: ஆக்கியவனுடைய பெயராகிய ஃபிராங்கன்ஸ்டைன் என்பதை, பெயரே இல்லாத அந்தப் படைப்புக்குச் சூட்டிவிட்டார்கள். இன்றுவரை அப்படியே வழங்குகிறது. தணிக்கையாளர் கண்டது ஆக்கியவனின் அகந்தையை. மக்கள் கண்டது ஆக்கப்பட்டதன் முகத்தை.

தமிழகத்தில் இதற்கு நிகரான நிகழ்ச்சி, 2010 அக்டோபர் முதல் நாள் வெளியான 'எந்திரன்' திரைப்படத்திற்குக் கிடைத்த வரவேற்பாகும். ஷங்கர் இயக்கிய அப்படத்திற்கு அவருடனும் மதன் கார்க்கியுடனும் இணைந்து உரையாடல் எழுதியவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்திலும் பங்குகொண்ட அவர், படம் வெளிவருமுன்பே 2008 பிப்ரவரி 27இல் மறைந்தார். தமிழ் அறிவியல் புனைகதையில் செவ்வியல் என்று சொல்லத்தக்க அவருடைய நாவல், 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின் தூர்தர்ஷனிலும் தொடராகக் காட்டப்பெற்ற 'என் இனிய இயந்திரா'. எந்திரன் அந்நாவலின் நேர்த்திரைவடிவம் அன்று. கதையும் மாந்தரும் வேறு. ஆயினும் சிந்திக்கத் தொடங்கிவிடுகிற இயந்திரம் என்ற கருவைத் தமிழ் வாசகரிடம் விதைத்தது ஜீனோ என்னும் அந்த இயந்திர நாய்தான். எந்திரனின் சிட்டி அதே குலத்தில் வந்தது எனலாம்.

இறையியல் ஏடொன்றில் திரைப்படத்தைக் குறித்து எழுத வேண்டுமோ என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மதுரை வட்டாரத்து அருட்பணியாளருக்கு இக்கேள்வி எழாது என்றே நினைக்கிறோம். 1952 தீபாவளியன்று 'பராசக்தி'யோடு திறக்கப்பெற்ற தங்கம் திரையரங்கு, ஆசியாவின் பெரிய அரங்குகளுள் ஒன்றெனப் பெயர்பெற்றிருந்த ஊர் இது. நம் சபையாரின் அறக்கற்பனை நாம் ஆற்றும் அருளுரைகளால் மட்டும் உருவாகவில்லை என்பதை நாம் அறிவோம். எந்திரன் வெளிவந்த காலத்திலேயே அதனைப் பிரசங்க உவமையாக எடுத்தாண்டவர் பலர். "மனிதன் கடவுளின் இடத்தைப் பிடிக்கப் பார்த்தான், அழிந்தான்" என்பதே பெரும்பாலும் பொருள். பாபேல் கோபுரத்தோடு பிரசங்கம் முடிவடையும். இது 1931ஆம் ஆண்டுத் தணிக்கையாளரின் வாசிப்பு. மக்கள் எந்த இடத்தில் கைதட்டினர், எந்த இடத்தில் அமைதியாயினர் என்பதை அது கேட்கவேயில்லை.

திண்டுக்கல் சாலையில், 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற விளாங்குடியில், சிறிய சபையொன்றின் வாலிபர் ஐக்கியத்தாருடன் இப்படத்தைக் குறித்து நாம் ஒரு மாலை உரையாடினோம். படம் வந்தபோது பள்ளிப் பிள்ளைகளாயிருந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம். பெரியவர்கள் சிலரும் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். கீழ்வரும் சிந்தனைகளுக்கு அவ்வுரையாடல் பெரிதும் உதவிற்று.

முதலாவது, கடவுளைப் பற்றிய காட்சி. அறிஞர் அவையில் ஒருவர் கடவுள் உண்டா என்று சிட்டியைக் கேட்கிறார். கடவுள் யார் என்று அது திருப்பிக் கேட்கிறது. நம்மைப் படைத்தவர் என்று விடை வருகிறது. என்னைப் படைத்தவர் வசீகரன். ஆகவே கடவுள் உண்டு என்று சிட்டி முடிக்கிறது. திரையில் அவையோர் கைதட்டுகின்றனர், திரையரங்கிலும் அப்படியே. ஆத்திகரும் நாத்திகரும் ஒருங்கே கைதட்டிய அரிய இடம் இது. தம் கடவுளுக்கு இயந்திரமே சாட்சி சொன்னதாக ஒருவர் மகிழ்ந்தார். கடவுள் என்பவர் ஆக்கியவனுக்கு இட்ட பெயரே என்று மற்றவர் மகிழ்ந்தார். நகைச்சுவையின் விசை முழுவதும் 'படைத்தல்' என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. எபிரேயத்தில் 'பாரா' என்னும் வினை கடவுளை மட்டுமே எழுவாயாகக் கொள்ளும்; வனைதலுக்கும் செய்தலுக்கும் வேறு வினைகள் உண்டு. தமிழிலோ புலவனும் படைக்கிறான், தச்சனும் படைக்கிறான். அதற்கும் மேலாக, ஒன்றைத் தெய்வத்தின்முன் வைப்பதும் படைத்தல்தான், படையல் என்கிறோம். வசீகரன் சிட்டியைப் படைத்தது நாட்டின் இராணுவத்திற்கு அளிப்பதற்காக என்பதை நினைத்துப் பார்த்தால், இச்சொல்லின் இரண்டாம் பொருளும் இங்கு ஏலவே ஒளிந்திருப்பது புலனாகும். மனிதருக்குப் பதிலாகக் களத்தில் வீழ்வதற்கென்றே ஆக்கப்பட்டது அது. ரோபோ என்ற சொல்லே 1920இல் செக் நாடகாசிரியர் காரெல் சாபெக் எழுதிய நாடகத்தின் வழியாகவே உலகிற்கு வந்தது. கட்டாய உழைப்பு என்பது அதன் வேர்ப்பொருள்.

ஏசாயா 44ஆம் அதிகாரம் இக்காட்சியைத் தலைகீழாகக் காட்டுகிறது. அங்கே தச்சன் மரத்தின் ஒரு பாதியை எரித்துக் குளிர்காய்ந்து, மறுபாதியைத் தெய்வமாக்கி வணங்குகிறான்; ஆக்கியவன் ஆக்கப்பட்டதை வணங்குகிறான். இங்கே ஆக்கப்பட்டது ஆக்கியவனைக் கடவுள் என்கிறது. இரண்டிலும் பிழை ஒன்றே: ஆக்குதல் என்னும் உறவுக்கு அப்பால் கடவுளுக்கு வேறு இலக்கணமில்லை என்று கொள்வது. திருமறையின் கடவுள் ஆக்கியதோடு நில்லாதவர், உடன்படிக்கை செய்கிறவர். வசீகரனோ, தன் இயந்திரம் சோதனையில் தோற்றவுடன் அதைத் துண்டுதுண்டாக வெட்டிக் குப்பைமேட்டில் எறிகிறான். குயவன் பாண்டத்தை மீண்டும் வனைகிற எரேமியா 18ஐ இதனருகில் வைத்து வாசிக்கலாம்.

அடுத்து, சாயல். இப்படத்தில் ஆக்கியவனும் ஆக்கப்பட்டதும் ஒரே முகம், இருவரும் ரஜினிகாந்த். ஆதியாகமம் 1:26ஐ இவ்வளவு கண்கூடாகக் காட்டிய தமிழ்ப்படம் வேறொன்றை நாம் அறியோம். பண்டைய அரசர் தாம் நேரில் வராத மாகாணங்களில் தம் சிலையை நிறுத்தி ஆட்சியுரிமையைக் காட்டினர்; அவ்வாறே கடவுள் மனிதனைப் பூமியில் தம் சாயலாக நிறுத்தினார் என்று ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட் தம் ஆதியாகம உரையில் விளக்குவார். இதை மாணவருக்குக் கற்பிக்க மதுரைக்காரர் பாபிலோனுக்குப் போக வேண்டியதில்லை. தாம் வராத ஊரில் வானளாவ நிற்கும் நடிகரின் கட்-அவுட்டும், அதன்மேல் ஊற்றப்படும் பாலும் போதும். சாயல் என்பது இல்லாதவரை இருப்பவராக்குவது என்பதை நம் இளைஞர் அனுபவத்தால் அறிவர். சுஜாதா இதன் மறுபக்கத்தையும் முன்னரே எழுதிவிட்டார். 'என் இனிய இயந்திரா'வில் நாட்டை ஆளும் ஜீவா என்னும் சர்வாதிகாரி, மக்கள் அஞ்சி வணங்கும் அந்தத் தலைவன், உண்மையில் ஒளியால் ஆன வெறும் பிம்பம். பின்னால் அரசன் இல்லாத சாயல் அது! படத்தைவிட நாவல் இறையியலுக்கு நெருக்கமாக வரும் இடம் இதுவே என்பது நம் கருத்து.

கைதட்டல் உச்சத்தை எட்டியது இங்கெல்லாம் அல்ல. சிவப்புச் சில்லு பொருத்தப்பட்டுக் கொடியவனாக மாறிய சிட்டி, தன் இயந்திரக் கூட்டத்துள் ஒளிந்திருக்கும் வசீகரனைத் தேடி ஆட்டைப்போல் கத்திக் கேலிசெய்யும் காட்சிக்குத்தான் திரையரங்குகள் அதிர்ந்தன. நல்லவனாகிய விஞ்ஞானி உயிருக்கு நடுங்கி நிற்கிறான். மக்கள் கொலைகாரனுக்குச் சீழ்க்கையடிக்கின்றனர். 'மூன்று முடிச்சு' (1976) முதலான தொடக்ககாலப் படங்களில் தீயவனாக நடித்துப் புகழ்பெற்ற நடிகர் மீண்டும் அவ்வேடத்தில் வந்த மகிழ்ச்சி இது என்பர். அது உண்மையே. ஆயினும் முழு உண்மை அன்று. விளாங்குடி இளைஞர் ஒருவர் சொன்ன விளக்கம் நம்மைச் சிந்திக்க வைத்தது: "கெட்ட சிட்டி செய்ததற்குச் சிட்டி பொறுப்பில்லை ஐயா, சிப்தான் பொறுப்பு. அதனால் தாராளமாகக் கைதட்டலாம்." பாவம் வெளியிலிருந்து பகைவன் செருகிய ஒரு சிறு துண்டு, பிடுங்கிவிட்டால் பழைய நல்லவன். இதைவிட வசதியான பாவக்கோட்பாடு வேறு இருக்கமுடியாது. இதே கோட்பாடு நம் பிரசங்கபீடங்களிலிருந்தும் ஒலிப்பதுண்டு: குடும்பத்தில் சண்டையா, சாத்தான் புகுந்துவிட்டான், துரத்திவிட்டால் சரியாகிவிடும். மனிதனை உள்ளிருந்து புறப்படுபவையே தீட்டுப்படுத்தும் என்ற ஆண்டவரின் போதனை (மாற்கு 7) இவ்விடத்தில் மறைந்துவிடுகிறது.

வியப்பு என்னவெனில், படம் அவ்வாறு சொல்லவில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். சனாவின்மேல் கொண்ட காதலால் தடுமாறிச் சிட்டி இராணுவ அதிகாரிகள்முன் சோதனையைக் குலைப்பது, சில்லு பொருத்தப்படுமுன் நடந்தது. தன்னை ஆக்கியவனுக்குரியதை இச்சிப்பதும், அவனோடு போட்டியிடுவதும் எந்தப் பகைவனும் தூண்டாமலே வந்தன. சில்லு செய்தது கட்டவிழ்த்தது மட்டுமே. இதை எடுத்துக்காட்டியபோது கூட்டத்தில் சிறிது நேரம் பேச்சில்லை, பின் ஒருவர், "அப்படியானால் உணர்ச்சி கொடுத்ததுதான் தப்பா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. படத்தின் இறுதியில், 2030இல், அருங்காட்சியகத்தில் பிரித்து வைக்கப்பட்ட சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று ஒரு சிறுமிக்கு விடைசொல்கிறது. இது அறிவு மரத்தின் கதையைத் தவறாக வாசிப்போர் கூறும் விடை. சுஜாதாவின் ஜீனோவோ சிந்திக்கத் தொடங்கியதால்தான் நிலா என்னும் பெண்ணுக்குத் துணைநின்று கொடுங்கோலை எதிர்க்கிறது. ஒரே எழுத்தாளரின் கை பட்ட இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் சிந்தனை வீழ்ச்சி, மற்றதில் சிந்தனை விடுதலை. கேட்டால் அருளுரைக் குறிப்பையும் எழுதித்தரும் இயந்திரங்கள் நம் மாணவர் கைப்பேசிகளுக்குள் வந்துவிட்ட இந்நாளில், இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பது வகுப்பறைக்கு நல்ல பயிற்சியாகும்.

நீதிமன்ற ஆணைக்குக் கீழ்ப்பட்டுச் சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் காட்சியில் பலர் கண்கலங்கினர். அதனைச் சிலுவைக்கு ஒப்பிட்ட பிரசங்கத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். பிலிப்பியர் 2ஐ அவ்வளவு எளிதில் இங்கே கொண்டுவருவதற்கில்லை; மறுக்கும் உரிமை இருந்ததா என்று படம் நமக்குச் சொல்லவில்லை.

கைதட்டல் முற்றிலும் நின்ற இடம் ஒன்று உண்டு. அடுக்குமாடி வீடு தீப்பற்றி எரிகிறது. சிட்டி உள்ளே புகுந்து ஒவ்வொருவராக மீட்கிறது, அரங்கம் ஆரவாரிக்கிறது. கடைசியாக, குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை, அவள் மன்றாடியும் கேளாமல், ஆடையின்றியே தூக்கிவந்து கூட்டத்தின்முன், தொலைக்காட்சிக் கருவிகளின்முன் நிறுத்துகிறது. அவள் வெட்கம் தாளாமல் ஓடி வாகனத்தில் மோதி இறக்கிறாள். உயிரைக் காத்தேனே, என்ன தவறு என்பது சிட்டிக்கு விளங்கவில்லை. விளாங்குடியில் இக்காட்சியைப் பற்றி இளைஞர் எவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்த அம்மையார் ஒருவரே பேசினார்: "ஒரு சேலையை, ஒரு சாக்கையாவது சுற்றிக் கொண்டுவந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும்."

ஆதியாகமம் 3ஐ நாம் வீழ்ச்சியின் அதிகாரம் என்று கற்பிக்கிறோம். 21ஆம் வசனத்தில் சிறிதே நிற்கிறோம். தீர்ப்பு உரைத்த பின்பு, தோட்டத்தைவிட்டு அனுப்புமுன்பு, கடவுள் தாமே தோலாடை செய்து அவர்களுக்கு உடுத்துவிக்கிறார். அத்தியிலையால் அவர்கள் தைத்துக்கொண்டது போதாது என்று அறிந்து செய்கிறார். சாட்சி என்ற பெயரால் சபைமுன் தன் பழைய வாழ்வை முழுவதும் சொல்லும்படி நாம் நிறுத்துகிற பெண்களை, மீட்கப்பட்டவர் என்று பெயர்சொல்லி அறிக்கைகளில் படம் அச்சிட்டு நிதி திரட்டுகிற நம் நிறுவனங்களை, இவ்வசனத்தோடு சேர்த்து எண்ணிப்பார்க்கிறோம். அந்த அம்மையார் அடுத்துக் கேட்டது, ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளின் பெயரோடு நோயின் பெயரையும் வாசிக்கத்தான் வேண்டுமா என்பது. அச்சபையின் போதகர் அதைக் குறித்துக்கொண்டார்.