கையால் ஒரு மேண்டலின்

இசைக் கருவி என்பது கடையில் வாங்குவதற்கே உரிய பொருள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தச்சு வேலையில் சிறிது பழக்கமும், அதனினும் மிகுந்த பொறுமையும் உடையவர் எவரும் ஓய்வு நேரத்தில் ஒரு கருவியைத் தாமே செய்துகொள்ள இயலும். அதற்கு ஏற்றவற்றுள் மேண்டலின் ஒன்று. உருவில் அது சிறியது. ஆகவே மரமும் சிறிதளவே வேண்டும். வீட்டு மேசையே பட்டறையாக அமையும்.

மேண்டலினின் தாயகம் இத்தாலி. 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்துக் கைவினைஞர்கள் அதற்கு இன்றுள்ள அமைப்பைப் பெரும்பாலும் அளித்தனர். அவர்கள் செய்த கருவியின் முதுகு, மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி அமைத்த குடம் போன்றது. அமெரிக்காவில் ஆர்வில் கிப்ஸன் என்பவர் மரத்தைச் செதுக்கி வளைவு அமைக்கும் முறையை மேண்டலினுக்குக் கொணர்ந்து, 1898-இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ், ஐந்து ஒற்றைத் தந்திகளை உடைய மின் மேண்டலினில் கர்நாடக இசையை வாசித்து, அக்கருவியை நம் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். முதன்முதலாகச் செய்ய முயல்வோருக்குக் குடமுதுகும் செதுக்கலும் கடினம். தட்டையான மேற்பலகையும் தட்டையான முதுகும் உடைய எட்டுத் தந்திக் கருவியே தக்கது. அதைப் பற்றியே இங்கே கூறுவோம்.

எட்டுத் தந்திகளும் இரண்டிரண்டாக நான்கு இணைகளாய் அமைந்து, வயலினைப் போலவே சுருதி சேர்க்கப்படுகின்றன. எஃகுத் தந்திகளாதலின் அவற்றின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 150 முதல் 190 பவுண்டு வரை இருக்கும்; அதாவது நன்கு வளர்ந்த ஓர் ஆளின் எடைக்குச் சமம். அவ்விசையின் ஒரு பகுதி குதிரையின் வழியே மேற்பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. பலகை தடித்திருந்தால் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் ஒலிக்காது. மெலிந்திருந்தால் நன்கு ஒலிக்கும், ஆனால் நாளடைவில் அமிழ்ந்துவிடும். கருவி செய்பவரின் திறம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதில்தான் இருக்கிறது.

மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரமே சிறந்தது. எடை குறைவாகவும் விறைப்பு மிகுதியாகவும் இருப்பது அதன் இயல்பு. அவ்வினத்து மரம் நம் இமயமலைச் சரிவுகளிலும் வளர்கிறது. பலகையின் முனையை நோக்கினால், மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரே கட்டையைப் புத்தகம் விரிப்பதுபோல் இரண்டாகப் பிளந்து விரித்து, நடுவில் ஒட்டுவர். முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி மரமோ மேப்பிளோ ஏற்றது. பக்கப் பட்டைகளை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, நீரில் நனைத்து, காய்ச்சிய இரும்புக் குழாயின்மேல் மெல்ல அழுத்தி வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் பட்டை முறிந்துவிடும்.

மேற்பலகையை 3 மில்லிமீட்டர் வரை இழைத்தபின் கை நிதானமாக இயங்க வேண்டும். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறுவது. கனத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே இழைப்புளியை ஓரிரு முறை தள்ளியபின் நிறுத்தி, பலகையை விரலால் தட்டிக் கேட்பதும், இரு கைகளாலும் மெல்ல வளைத்துப் பார்ப்பதும் வழக்கம். பலகையின் அடியில் ஸ்ப்ரூஸ் சட்டங்களைக் குறுக்கே ஒட்டி வலுவூட்டுவர்.

இக்குறுக்குச் சட்டங்கள் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. நாம் செய்த முதல் மேண்டலினை டில்லியில் ஆகஸ்டு மாத மழை நாட்களில் ஒட்டி முடித்தோம். அடுத்த மே மாதத்தில், வெப்பக் காற்று வீசிய ஒரு பிற்பகலில், அதில் வாசிக்கப் பழகிவந்த நம் வீட்டுச் சிறுமி கருவியைக் கைகளில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். மேற்பலகையில் குதிரைக்கு அருகே நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தது. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அவள் அஞ்சினாள். தவறு அவளுடையதன்று, நம்முடையது.

மரம் ஈரத்தை ஏற்றால் விரியும், இழந்தால் ஒடுங்கும். இம்மாற்றம் நார்களின் நீளவாக்கில் மிகச் சிறிது; குறுக்கே அதிகம். பத்து அங்குல அகலமுள்ள மேற்பலகை மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கக்கூடும். அடியில் ஒட்டிய சட்டத்தின் நார்களோ பலகையின் நார்களுக்குக் குறுக்காக ஓடுகின்றன. சட்டம் நீளவாக்கில் ஒடுங்குவதில்லை. ஒடுங்க முயலும் பலகையைச் சட்டம் விடாது பிடித்துக்கொள்ள, பலகை பிளந்துவிடுகிறது. எனவே காற்றின் ஈரம் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்தைந்தாக உள்ள நாட்களிலேயே ஒட்டுவேலையைச் செய்தல் வேண்டும். சிறிய ஈரமானி ஒன்றை அறையில் வைத்துக்கொள்வது நன்று.

அக்கருவியைக் காப்பாற்றியது வச்சிரம். விலங்குத் தோலிலிருந்து எடுக்கப்படும் இப்பசையைச் சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்துப் பயன்படுத்துவர். உறுதியாகப் பிடிக்கும் இப்பசை, வெப்பமும் ஈரமும் பட்டால் மீண்டும் இளகும். அக்டோபர் இறுதிவரை பொறுத்திருந்து, சூடேற்றிய மெல்லிய கத்தியால் மேற்பலகையைக் கழற்றினோம். விரிசலில் அதே மரத்தின் சிம்பைச் செருகி, உட்புறத்தில் சிறு துண்டுகளை ஒட்டி மீண்டும் மூடினோம்.

இனி மெட்டுகள். தந்தி அதிரும் நீளம் 352.4 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதனை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு 19.8 மில்லிமீட்டர். எஞ்சிய 332.6-ஐ அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி 18.7. இவ்வாறே தொடர, பன்னிரண்டாம் மெட்டு சரியாக நடுவில், 176.2 மில்லிமீட்டரில் வந்து விழும். ஒவ்வொரு தொலைவையும் தலைப்பக்கத்து மேட்டிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய மெட்டிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் கூடிப் பெரும் பிழையாகும்.

குதிரையை ஒட்டுவதில்லை, தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்தி வைக்கும். விரலால் அழுத்தும்போது தந்தி சிறிது இழுபட்டுச் சுருதி ஏறுவதால், குதிரையைக் கணக்கிட்ட இடத்துக்குச் சற்றே பின்னால் நிறுத்த வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும், அவ்விடத்தில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும் ஒன்றுபடும் இடமே குதிரைக்கு உரிய இடம்.

செப்பனிட்ட அம்மேண்டலின் அதன்பின் கோடைகளைத் தாங்கிவிட்டது. மேற்பலகையில் செருகிய சிம்பின் கோடு இன்றும் தெரிகிறது. அதை வண்ணம் பூசி மறைக்கலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சிறுமி கூறிவிட்டாள். மேண்டலின் செய்யத் தொடங்கும் நேயர்கள் முதலில் வாங்க வேண்டியது உளியன்று, ஈரமானி என்பதே நம் பரிந்துரை.