தோல் என்னும் கோட்டை

நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு எது? இதயம் என்பர் சிலர்; ஈரல் என்பர் சிலர். உண்மையில் அது தோலே ஆகும். வெளிநீர் உள்ளே புகாமலும், உள்நீர் வெளியே கசியாமலும், நோய்க்கிருமிகள் நுழையாமலும் இரவு பகலாக நம்மைக் காக்கும் கோட்டை அது. ‘முதுமையைப் போக்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் களிம்புகள் இக்கோட்டைக்குள் நுழைய முடியுமா? வீட்டுப் பணம் இவற்றுக்குச் செலவாகும் இந்நாளில் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

தோலின் உறுதிக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பைக் கண்டறிந்த பெருமை நம் சென்னைக்கு உரியது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ.நா. இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்று 1954ஆம் ஆண்டில் இருவரும் உலகுக்கு அறிவித்தனர். வயது ஏற ஏற இக்கயிறுகள் குறைகின்றன, தோல் சுருங்குகிறது.

அப்படியானால் கொலாஜனையே முகத்தில் பூசினால் என்ன? அங்கேதான் தடை இருக்கிறது. தோலின் மேற்பரப்பில் உள்ள கொம்புப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் அது செங்கற்சுவர் போன்றது. இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்பு, சாந்து. 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு இச்சுவரைக் கடப்பது அரிது என்று 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். கொலாஜனின் எடையோ சுமார் 3,00,000 டால்டன்! அது தோலின் மேலேயே தங்கி ஈரத்தைக் காக்குமே தவிர, உள்ளே செல்லாது.

எனவே அறிஞர்கள் வேறு வழி தேடினர். கொலாஜனின் ஒரு சிறு துண்டு, ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, தோலின் செல்களைப் புதிய கொலாஜன் செய்யத் தூண்டும் என்று 1993இல் கண்டனர். அதன் எடை சுமார் 564 டால்டன். ஆனால் அது நீரை நாடுவது. கொழுப்புச் சாந்தில் கலவாது. ஆகவே அதனுடன் பால்மிட்டிக் அமிலத்தை இணைத்தனர். நியாய விலைக் கடைப் பாமாயிலில் நிறைந்திருக்கும் அதே கொழுப்பு அமிலம்தான் இது! எடை சுமார் 802 ஆகக் கூடியது. ஆயினும் எண்ணெயோடு எண்ணெய் சேர்வதுபோல் அது சாந்தில் கலந்தது. 2014இல் வெளியான எலித்தோல் ஆய்வில், வெறும் பெப்டைடு தோலுக்குள் காணப்படவில்லை. கொழுப்பு இணைந்த பெப்டைடு தோலின் அடுக்குகளில் தங்கியிருந்தது. எடை மட்டுமன்று, இயல்பும் முக்கியம் என்பது இதனால் விளங்குகிறது.

வேறு வழிகளும் உண்டு. லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் பெப்டைடை அடைத்து அனுப்பலாம். வலி தெரியாத நுண்ணூசிகளால் சுவரில் சிறு துளைகள் இடலாம். ஆனால் திறந்த வாயிலில் நண்பனோடு பகைவனும் நுழைவான் அன்றோ? தூய்மை இல்லையேல் கிருமிகளுக்கும் அது வழியாகிவிடும்.

இவற்றின் பயன் எவ்வளவு? மனிதரிடம் செய்த சோதனைகளில் சுருக்கங்கள் சற்றே குறைந்தன, மறைந்துவிடவில்லை. ஆனால் கொலாஜனைச் சிதைப்பதில் வெயிலின் புற ஊதாக் கதிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைக்கக் குடை உதவும். கொலாஜன் கயிறு உறுதியாக முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். அதை நெல்லிக்காயும் கொய்யாவும் தருகின்றன.

தோழியரே! நம் வயதில் தோல் தனக்கு வேண்டிய கொலாஜனைத் தானே செய்துகொள்கிறது. இனி ஒரு களிம்பை விலை கேட்கும் முன், ‘இது சுவரைக் கடக்குமா?’ என்று கேட்போம். இறைவன் அளித்த இக்கோட்டையைப் பேணிக் காப்போம்!