நியூஹேவன் மீன்காரப் பெண்கள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டி அன்று இருந்த மீனவக் குப்பம் நியூஹேவன். 1840களில் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் இளைஞர் ராபர்ட் ஆடம்சனும் அங்கே கேமராவோடு போனார்கள். பிலிம் பிறக்காத காலம். வெள்ளி உப்பு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். நல்ல வெயிலிலும் படம் பதியும்வரை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கோடு போட்ட பாவாடையும் முதுகில் மீன்கூடையுமாக நகரத் தெருக்களில் மீன் விற்ற பெண்கள், அந்தக் கேமராவுக்கு முன் அப்படித்தான் நின்றார்கள். வசதி படைத்தவர்களுக்கே உருவப்படம் வாய்த்த நாளில், உழைக்கும் பெண்களை இவ்வளவு மரியாதையோடு எடுத்தது பெரிய காரியம். ஆடம்சன் 1848இல், 26 வயதிலேயே காலமானார். அந்தப் படங்களை ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடம் இன்றும் பாதுகாத்து வருகிறது.